எந்தத் தேதி செல்லும்?

பதினோரு வயதில் ஆரம்பித்தது இந்தக் கணக்கு. எழுப்புதல் கூட்டத்தில் பேச வந்த ஊழியக்காரர், "இன்றிரவு நீ மரித்தால் எங்கே இருப்பாய்?" என்று கேட்டார். இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கினேன். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டார், மறுபடியும் தூக்கினேன். போன முறை முழு மனதோடு ஜெபிக்கவில்லையோ என்று பயம். கல்லூரி முடிப்பதற்குள் ஏழு தடவை ஒப்புக்கொடுத்திருப்பேன். சாட்சி சொல்கிறவர்கள் தாங்கள் இரட்சிக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் சொல்வார்கள். என்னிடம் ஏழு தேதிகள் இருந்தன, எது செல்லும் என்றுதான் தெரியவில்லை.

யாரிடமும் சொன்னதில்லை. நான் ஞாயிறு பள்ளி நடத்துகிறவன் வேறு. பிள்ளைகளுக்கு எபேசியர் 2:8 மனப்பாடம் செய்ய வைப்பேன்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்." என் கண் மட்டும் விசுவாசம் என்ற சொல்லில் போய் நின்றுவிடும். சரி, கிருபை அவருடையது. விசுவாசம் நான் காட்ட வேண்டியதுதானே? என்னிடம் இருப்பது போதுமா? கிரியையினால் அல்ல என்று அடுத்த வசனத்தையும் சொல்லிக்கொடுத்தவன், விசுவாசத்தையே ஒரு கிரியையாக ஆக்கி வைத்திருந்தது எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் அம்மாவுக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாமான் வைத்த இடம் மறந்தது, பிறகு எங்கள் பெயர்கள். ஜெபம் மட்டும் போகாது என்று நினைத்தோம். பரமண்டல ஜெபத்தை யாராவது ஆரம்பித்துவிட்டால் போதும், கூடவே சொல்லி முடிப்பார். ஒருநாள் அதுவும் நின்றது. ஒரு மாலை சங்கீதம் 23 வாசித்துக்கொண்டிருந்தேன். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்றதும் என்னைப் பார்த்து, "யார் அவர்?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். ஐம்பது வருஷம் விடியற்காலையில் முழங்காலில் நின்ற மனுஷி.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. என்னை அளந்துகொண்டிருந்த அளவுகோலால் அம்மாவை அளந்தால் அவர் தேறவே மாட்டார். அதற்காக அம்மா கெட்டுப்போவார் என்று நினைக்கவும் என்னால் முடியவில்லை. யோவான் 10:28 எத்தனையோ தடவை பிரசங்கத்தில் கேட்டதுதான்: "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." ஆடு எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆட்டுக்குக் கையே கிடையாது என்பதும் அன்றைக்குத்தான் தோன்றியது!

அம்மாவுக்கு இது பொருந்தும் என்றால் எனக்கும் பொருந்தும் என்று ஒத்துக்கொள்ள மேலும் சில மாதங்கள் ஆயின. பிறருக்குக் கிருபை உண்டென்று நம்புவது எனக்கு எப்போதுமே சுலபம். பயம் அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். எட்டாவது தடவை கை தூக்கவில்லை, அவ்வளவுதான்.

*

ஸ்தோத்திரம் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்குத் தேதி சிக்கல் இல்லை, ஒரே தேதிதான். அன்றைக்கு அழுதேன், சிரித்தேன், ஒரு வாரம் தரையில் கால் படவில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் தன் இருதயம் விநோதமாக அனல்கொண்டதாக எழுதினாரே, அதைப் படித்தபோது "எனக்கும் இப்படித்தான்!" என்று துள்ளினேன்.

பிறகு மனச்சோர்வு வந்தது. மாத்திரை சாப்பிட்டேன். அனலும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஆவியானவர் என்னைவிட்டுப் போய்விட்டார் என்றே முடிவு கட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, அதே வெஸ்லி 1739 ஜனவரியில், அதாவது எட்டு மாதம் கழிவதற்குள், தான் இன்னும் கிறிஸ்தவன் இல்லை என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சாட்சிக் கூட்டத்தில் முதல் பாதியை மட்டும்தான் சொல்வார்கள்போல.

இப்போது என் ஜெபம் மாற்கு 9-ல் நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவரும் அந்தத் தகப்பனுடையதுதான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அவிசுவாசம் நீங்கட்டும், பிறகு வருகிறேன் என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பையனைக் குணமாக்கினார்.

*

நான் கத்தோலிக்கன். நீங்கள் கிருபை என்பதை நாங்கள் அருள் என்போம், உங்கள் நித்தியஜீவன் எங்களுக்கு நிலைவாழ்வு. சொல்லில் மட்டும் வித்தியாசம் இல்லை. தனி வெளிப்பாடு பெறாத ஒருவர், இறுதிவரை நிலைத்திருப்பேன் என்று முழு உறுதியோடு சொல்ல முடியாது என்றது 1547-ல் எங்கள் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம். எங்களுக்கு இருப்பது எதிர்நோக்கு, அதாவது நம்பிக்கையோடு காத்திருப்பது. அது கொஞ்சம் குறைவான பொருள் என்று நீங்கள் நினைக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1431-ல் விசாரணையில் ஜோன் ஆஃப் ஆர்க்கை மடக்குவதற்காக, "நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா?" என்று கேட்டார்கள். இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருந்தால் அதிலேயே காப்பாராக என்றாள். பத்தொன்பது வயதுப் பெண். என் அப்பாவுக்கு நோயில்பூசுதல் (நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசி ஜெபிக்கும் அருட்சாதனம்) கொடுத்த அன்று அவரால் வாய் திறக்க முடியவில்லை. அவருக்காக இதைத்தான் நான் மனதுக்குள் சொன்னேன்.

ஆனால் ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அம்மா மறந்தார். என் தம்பி மறக்கவில்லை, எல்லாம் தெரிந்தேதான் வேண்டாம் என்று எழுந்து போனான். ருசிபார்த்தபின் விலகிப்போனவர்களைத் திரும்பப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்கிற எபிரெயர் 6-ஐப் படிக்கும்போதெல்லாம் அவன் முகம்தான் வருகிறது. அந்தக் கை அவனுக்கும் உண்டா? இன்னொன்று, உங்கள் அம்மா கடைசியிலாவது இயேசுவின் பெயரைச் சொன்னாரா?

*

தம்பியைப் பற்றிச் சட்டென்று ஒரு வசனத்தைத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "ஒருவனும்" என்பதில் தானாகவே எழுந்து போகிற அந்த ஆடும் அடங்கும் என்பார் எங்கள் போதகர், அடங்காது என்பார் அவருடைய சொந்த அண்ணன். அவரும் போதகர்தான். உங்கள் தம்பிக்காக நான் ஜெபிக்கிறேன், இது பேச்சுக்குச் சொல்வதில்லை.

அம்மா சொல்லவில்லை. கடைசியாகக் கேட்டது தண்ணீர். இரண்டு ஸ்பூன் குடித்தார்.