பதினைந்தடிப் பொம்மைக்கு இன்னும் காகிதம்தானா?

களிமண்:
1963-ல் நியூயார்க்கில் பீட்டர் ஷூமன் தொடங்கிய, காகிதக்கூழ் தலை வைத்த ராட்சதப் பொம்மைகளை ஊர்வலம் விடும் பிரெட் அண்ட் பப்பெட் நாடகக் குழு, 1984-ல் ‘மலிவுக் கலை’ அறிக்கை விட்டது. கலை பணக்காரர் சொத்து இல்லை என்ற வாதம் சரி. அதற்காகக் காகிதத் தலையையே கட்டிக்கொண்டு அழுவது வீம்பு. ஒரு மழைக்குத் தாங்காது. ஃபோம் (நுரைப்பஞ்சு) தாங்கும், எடையும் குறைவு.

ஒட்டடைக்கோல்:
ஒரே முகத்தில் இருபது பேர் ஊர்வலத்தில் வரணும், அதுதானே அவங்க பாணி? ஃபோம்னா இருபது தடவை செதுக்கணும். களிமண்ணில் ஒரு முகம் பிடிச்சு, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போர்த்திட்டா, அதிலிருந்தே காகித முகங்களை உரிச்சு எடுத்துக்கிட்டே இருக்கலாம்.

பழுப்புத்தாளைக் கையால்தான் கிழிக்கணும். கத்தரியில் வெட்டினா ஓரம் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். பசைக்கு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் சோளமாவு (கார்ன்ஃபிளார்). முதலில் பச்சைத்தண்ணீரில் கரைச்சுட்டு அப்புறம் காய்ச்சணும், இல்லேன்னா கட்டி தட்டும். ஐந்து அடுக்கு, ஒன்று நெடுக்கு, அடுத்தது குறுக்கு.

களிமண்:
அந்த ஐந்து அடுக்கில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரே மூச்சில் ஒட்டினால் மேல்தோல் காய்ந்து, உள்ளே ஈரம் நிற்கும். மூன்றாம் நாள் பூஞ்சை. அவசரப்பட்டு உரித்தால் தாடை கோணிக்கொள்ளும்.

ஒட்டடைக்கோல்:
இரண்டு அடுக்கு ஒட்டி, காயவிட்டு, மீதியைப் போடுங்க. பொறுமை இல்லாதது காகிதத்தின் குற்றமா?

வேடிக்கை:
காகிதத்தைப் புனிதமாக்க வேண்டாம். அந்தக் குழுவே ஒரு காலத்தில் செலாஸ்டிக் என்ற பிளாஸ்டிக் ஏற்றிய துணியை அசிட்டோன் என்ற கரைப்பானில் நனைத்துத் தலைகள் செய்தது. மழைக்கு அசையாது; செய்கிறவன் நுரையீரலுக்குத்தான் கேடு.

இன்னொன்று, பதினைந்தடிப் பொம்மையைச் சாய்ப்பது தலை எடை மட்டுமல்ல, உடம்புத் துணியில் அடிக்கும் காற்றும்தான். தூக்குபவர் முதுகில் மாட்டும் சட்டத்தில் பொம்மையின் நடுக்கோலைச் செருகினால் இடுப்புப்பட்டை கட்டாயம். எல்லாப் பாரமும் தோளில் இறங்கினால் தூக்குபவர் சீக்கிரமே தள்ளாடுவார். காற்று வெளியேற, துணியின் பின்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். பொம்மையின் இரண்டு கைக்கும் தனித்தனி ஆள், தனித்தனி மூங்கில்.

களிமண்:
காற்று விஷயம் ஒப்புக்கொள்கிறேன். மழைக்கு?

ஒட்டடைக்கோல்:
வீட்டுக்கு அடிக்கிற எமல்ஷன் பெயின்ட், வெளியே இரண்டு கோட்டு, உள்ளே ஒன்று. எல்லாரும் முகத்துக்கு அடிச்சுட்டுக் கழுத்து ஓரத்தை மறந்துடறாங்க. தண்ணி அங்கேதான் ஏறும். ஓரத்தை மடிச்சு ஒட்டி, அப்புறம் பூசுங்க.

களிமண்:
தூறலுக்குச் சரி. அடைமழைக்கு என் ஓட்டு இன்னும் ஃபோமுக்குத்தான்.