ஈஸ்டர் கிளையில் தொங்கவிட உப்பு சேர்த்த மாவில் செய்யும் உருவங்கள்: உப்பிப்போவதும் நமத்துப்போவதும் ஏன்?

கேள்வி (டோர்ட்முண்ட்)

வணக்கம். ஜெர்மனியில் எங்கள் அண்டை வீட்டார் ஈஸ்டருக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே ஃபோர்சீதியாக் கிளைகளை வெட்டி வந்து தண்ணீர்ச் சாடியில் நிறுத்தி, மஞ்சள் பூ விரியும் அந்தக் கிளைகளில் வண்ண முட்டைகளைத் தொங்கவிடுகிறார்கள். என் ஏழு வயது மகளும் ஐந்து வயது மகனும் தங்கள் கையால் செய்தவற்றையே தொங்கவிட விரும்புவதால், இங்குள்ளோர் 'சால்ஸ்டைக்' என்று சொல்லும் உப்பு மாவைப் பிசைந்து, சென்ற ஆண்டு முயல், கோழிக்குஞ்சு, டியூலிப் பூ ஆகியவற்றைச் செய்தோம். ஓவனில் 150 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தபோது முயல்களின் வயிறு உப்பி, காதுகளின் ஓரம் பழுப்பாகியிருந்தது. தப்பியவற்றுக்கு வண்ணம் தீட்டி நிலவறையில் பத்திரப்படுத்தினேன். இப்போது எடுத்துப் பார்த்தால் எல்லாம் நமத்துப்போய், மகன் செய்த குஞ்சின் தலை என் கையோடு வந்துவிட்டது. அவன் அழுததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

2026ஆம் ஆண்டின் ஈஸ்டர் ஏப்ரல் 5 அன்று வருவதால் இன்னும் நாள் இருக்கிறது. நான் எங்கே தவறினேன்? சிலவற்றைத் தோட்டத்து ஆப்பிள் மரத்திலும் தொங்கவிடலாமா? வீட்டில் ஒரு சிறிய நாயும் இருக்கிறது.

மறுமொழி 1 (லைப்சிக்)

வணக்கம் சகோதரி. தங்கள் மாவில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, வெப்பந்தான் அதிகம். 100 டிகிரியைத் தாண்டியதும் மாவின் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிறது. அதற்குள் மேற்பரப்பு காய்ந்து தோலாகிவிடுவதால், வெளியேற வழியில்லாத ஆவி அந்தத் தோலைத் தூக்குகிறது. இதைச் சுடுகிறோம் என்று எண்ணாமல், வடகத்தை வெயிலில் காயவைப்பது போல உலர்த்துகிறோம் என்று எண்ணிக்கொண்டால் பாதிப் பிழை தானே நீங்கிவிடும்.

நான் இரண்டு கோப்பைக் கோதுமை மாவுக்கு ஒரு கோப்பைத் தூள் உப்பும், ஏறத்தாழ ஒரு கோப்பைத் தண்ணீரும் எடுத்துக்கொள்வேன். தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சப்பாத்தி மாவை விடச் சற்றே இறுக்கமாக, கையில் ஒட்டாத பதம் வரும் வரை பத்து நிமிடம் பிசைய வேண்டும். பேக்கிங் பவுடர் கலந்து விற்கும் மாவு கூடவே கூடாது. வெந்நீர் ஊற்றினால் உப்பு முழுவதும் கரையும் என்று சிலர் சொல்வார்கள்; 100 மில்லிலிட்டர் நீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்புத்தான் கரையும், சூடாக்கினாலும் அந்த அளவு பெரிதாகக் கூடுவதில்லை. மீதி உப்பு மாவில் மணலாகவே நிற்கும் என்பதால்தான், கல்லுப்பைத் தவிர்த்து மிக நுண்ணிய உப்பை வாங்கச் சொல்கிறேன்.

அரை சென்டிமீட்டர் கனத்தில் பேக்கிங் தாளின் மேலேயே தேய்த்து அச்சால் வெட்டி, சுற்றியுள்ள மாவை மட்டும் அகற்றிவிட்டுத் தாளோடு தட்டுக்கு மாற்றினால் முயலின் காது வளையாது. உலரும்போது துளை சுருங்கக்கூடும்; ஆகவே உறிஞ்சுகுழலால் தாராளமான துளையாகவே இடுங்கள். தலை, சிறகு போன்றவற்றை ஒட்டும் இரு பக்கங்களையும் கீறி, தண்ணீர் தடவி அழுத்த வேண்டும்; இதைச் செய்யாவிட்டால் குஞ்சின் கழுத்து மறுபடியும் பிரியும். பிறகு முதல் ஒரு மணி நேரம் 60 டிகிரியில், ஓவன் கதவின் இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி ஈரம் வெளியேற விடுங்கள். அடுத்த இரண்டு மணி நேரம் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே வைத்து, நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். அடிப்பக்கத்தை விரலால் தட்டும்போது மொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். ஓடு தட்டியது போலக் கணீரென்று கேட்டால் காய்ந்துவிட்டது.

மறுமொழி 2 (சென்னை)

நான் வேதியியல் கற்பிப்பவள். நிலவறையில் நேர்ந்தது, நம் ஊரில் மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவதைப் போன்றதுதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோரச் சென்னையில் இதைப் பலமுறை பட்டு அறிந்ததால், அக்ரிலிக் வண்ணம் நன்கு உலர்ந்த பின் வார்னிஷை இரண்டு மூன்று முறை பூசுகிறேன். முன்பக்கம் மட்டும் பளபளத்தால் போதாது. பின்பக்கமும் விளிம்பும் துளையின் உட்சுவரும் மூடப்பட வேண்டும். ஈரம் உள்ளே இருக்கும்போது பூசினால் அது வெளியேற முடியாமல் வண்ணத்தை உரித்துவிடும். ஈஸ்டர் முடிந்ததும் தாளில் சுற்றி, காற்றுப் புகாத தகர டப்பாவில், காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வீட்டின் உலர்ந்த அறையில் வையுங்கள்.

மறுமொழி 3 (எர்ஃபுர்ட்)

தோட்டத்து மரத்தில் இவற்றைத் தொங்கவிட வேண்டாம். ஏப்ரல் மழைக்கு வார்னிஷ் பூசியதும் நெடுநாள் நிற்காது. எங்கள் துரிங்கியா மாநிலத்துச் சால்ஃபெல்டில் ஒரு குடும்பம் 1965இல் தம் ஆப்பிள் மரத்தில் 18 முட்டைகளுடன் தொடங்கி, பிற்காலத்தில் 10,000 முட்டைகள் வரை தொங்கவிட்டுப் புகழ்பெற்றது. அவற்றில் மிகுதியானவை உள்ளீடு அகற்றி அலங்கரித்த முட்டை ஓடுகளே. ஆப்பிள் மரத்துக்கு அந்த வழியைப் பின்பற்றி, மாவு உருவங்களை வீட்டுக்குள் உள்ள கிளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாயைப் பற்றித் தாங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தாலும், எனக்கு அதுவே முதன்மையாகப் படுகிறது. காய்ந்த உருவத்தின் எடையில் ஏறத்தாழ பாதி உப்பாக இருப்பதால், சிறிய நாய் இரண்டு மூன்றைத் தின்றாலே வாந்தி, நடுக்கம், வலிப்பு எனத் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பிசைந்த மாவும் அவ்வாறே. தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். வாந்தி எடுக்க வைப்பதற்காக உப்புநீர் புகட்டிவிடாதீர்கள். சாடியை நாய் எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது. மகன் மாவை வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று 60 டிகிரியில் தொடங்கி மூன்றரை மணி நேரம் உலர்த்தினோம். பதினான்கு உருவங்களில் ஒன்றுகூட உப்பவில்லை. மகன் புதிய குஞ்சின் கழுத்தைத் தானே கீறி, தண்ணீர் தொட்டு ஒட்டினான். ஆனால் சிலவற்றின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. பூஞ்சையோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி 2 (சென்னை)

அஞ்ச வேண்டாம். ஒரே நாளில் பூஞ்சை வராது. நீர் வெளியேறும்போது தன்னுடன் மேலே கொண்டுவந்து விட்டுச்சென்ற உப்புதான் அது. உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்த பிறகு வண்ணம் தீட்டுங்கள். ஈரத்துணியால் மட்டும் துடைக்காதீர்கள்.