கறுப்பு எனாமலும் தலைமுடியும்: பழைய நினைவு நகைகளில் கவனித்தவை

இறந்தவர் நினைவாக அணியும் இரங்கல் மோதிரம், பழைய இங்கிலாந்துக்காரருடையது, கைக்கு வந்தால், முதலில் உள்வளையத்தைப் பாருங்கள். இறந்தவரின் பெயர், தேதி, வயது பெரும்பாலும் அங்கேதான் வெட்டியிருக்கும். எனாமல் (உலோகத்தில் சுட்டுப் பிடித்த கண்ணாடிப் பூச்சு) வெள்ளை என்றால் அநேகமாகக் குழந்தை, அல்லது மணமாகாதவர். மற்றவர்களுக்குக் கறுப்பு. சிறு முத்துகள் கண்ணீரைக் குறிக்கும். ஹால்மார்க்கின் ஆண்டெழுத்து (முத்திரையிட்ட ஆண்டைக் காட்டும் எழுத்து), இறந்த தேதிக்குச் சில ஆண்டு முந்தி இருந்தால் பதற வேண்டாம். கடை இருப்பில் கிடந்த மோதிரத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள். பல ஆண்டு பிந்தி இருந்தால்தான் சந்தேகம். 15 காரட் முத்திரை 1854 முதல் 1932 வரைதான் உண்டு.

*

துக்க நகைக்குப் பேர்போன கறுப்புப் பொருள் ஜெட். ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் ஜெட் இல்லை. 1861 டிசம்பர் 14 அன்று கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா மகாராணி 1901 வரை துக்க உடையிலேயே இருந்தார். அதனால் இங்கிலாந்தின் விட்பி ஊர் ஜெட்டுக்குக் கிராக்கி ஏற, போலிகளும் பெருகின. ‘பிரெஞ்சு ஜெட்’ வெறும் கண்ணாடி: தொட்டால் சில்லென்றிருக்கும், கனக்கும். உண்மை ஜெட் புதைந்து இறுகிய மரம், கையில் பஞ்சு மாதிரி. குழப்புவது வல்கனைட்தான், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். அதுவும் எடையற்றது; மெருகிடாத பீங்கானில் உரசினால் இரண்டுமே பழுப்புக் கோடு போடும். ஆகவே கோட்டை நம்பாதீர்கள். வல்கனைட் அச்சில் வார்த்தது, ஓரத்தில் அச்சு இணைந்த தடம் தெரியும். வெயில் பட்டுப் பட்டுக் காப்பி நிறமாகிவிடும். விரலால் அழுத்தித் தேய்த்தால் கந்தக வாடை வரும். ஜெட்டைச் செதுக்குவார்கள், விளிம்புகள் கூர்மையாக இருக்கும். சூடான ஊசி வைத்துப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. தழும்பு போகாது, வேண்டாம்.

*

இறந்தவரின் முடி வைத்த ப்ரூச் (உடையில் குத்தும் நகை), லாக்கெட்டுகளுக்கு எமன் தண்ணீர்தான். முடியைச் சோடா நீரில் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பசை போக்கி, பிறகு பசை தடவிச் சுருளாகவோ இறகாகவோ ஒட்டியிருப்பார்கள். கண்ணாடி விளிம்பு வழியே ஈரம் நுழைந்தால் பசை இளகும், சுருள் சரியும், பூஞ்சை படரும். அல்ட்ராசோனிக் தொட்டி, நீராவி இரண்டும் கூடாது. உலர்ந்த மென்துணி போதும். பின்பக்கம் அடைத்துக் கல் கட்டிய நகைக்கும் இதே கதி: கல்லுக்கு அடியில் உள்ள பளபளத் தகடு நனைந்தால் கறுத்து, கல்லே செத்ததுபோல் தெரியும். மோதிர அளவு மாற்றும்போது படும் சூட்டில் எனாமல் தெறிக்கும். அதைப் பழையபடி கொண்டுவருவது நடக்காத காரியம்.

*

இரங்கல் நகை இல்லை, காதல் நகை, ஆனாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசையாகப் பல நிறக் கல் வைத்த மோதிரம் கிடைத்தால் கற்களின் ஆங்கிலப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். ரூபி, எமரால்ட், கார்னெட், அமெதிஸ்ட், ரூபி, டயமண்ட்: முதலெழுத்துகளைக் கோத்தால் ‘ரிகார்ட்’ (REGARD), அதாவது அன்பு மதிப்பு. சொல் வரவில்லையென்றால் இடையில் எவரோ விழுந்த கல்லுக்கு வேறு கல் பதித்திருக்கலாம். எமரால்ட் இருந்த இடத்தில் பச்சைக் கண்ணாடி வைத்தால் நிறம் பொருந்தும், எழுத்து மாறிவிடும்.