தாய்லாந்துப் பிரைமரி ஸ்கூலில் இங்கிலீஷும் உலக வரைபடமும்: முதல் மாசம் எதில் தொடங்கலாம்?

தண்டையார்பேட்டை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். மே மாசம் பாங்காக் பக்கத்தில் ஒரு பிரைமரி ஸ்கூலில் சேரப் போறேன். மூணாவது, நாலாவது வகுப்பு. ஒவ்வொண்ணிலும் 35 பிள்ளைங்க. வாரத்துக்கு அஞ்சு பீரியட் இங்கிலீஷ், ஒரு பீரியட் உலக பூகோளம், அதுவும் இங்கிலீஷ்லதான். அவங்க மொழி எனக்குத் தெரியாது. இங்க மாதிரி நடுவுல தமிழ்ல சொல்லிப் புரியவைக்கிற வழி அங்க இல்ல. முதல் மாசம் எதுல கை வைக்கணும்? பாரிமுனையில் வாங்கிட்டுப் போக வேண்டியது ஏதாவது இருக்கா?

கல்மண்டபத்துக்காரர்

டீச்சர், வாய்க்கு முன்னால காதுக்கு வேலை கொடுங்க.

தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் வர்ற மெய் ரொம்பக் கம்மி: ப், ட், க், ம், ன், ங், அப்புறம் ய், வ் போல மூடுற ஒலி. ல் கிடையாது, ஸ் கிடையாது. அதனால 'ஃபுட்பால்' 'ஃபுட்பான்' ஆயிடும், 'ரைஸ்' 'ரை'யோட நின்னுடும், 'ஸ்கூல்' 'சகூன்' ஆகும். நம்ம பிள்ளைங்க 'இஸ்கூலு'ன்னு சொல்லுதே, கிட்டத்தட்ட அதே கதைதான். நாம முன்னால ஒரு இ, பின்னால ஒரு உ சேர்க்கறோம். அவங்க நடுவுல அ சேர்த்துட்டுக் கடைசி எழுத்தை மாத்திடறாங்க.

இதுல முதல்ல பிடிக்க வேண்டியது கடைசி 'ஸ்'. ர-வும் ல-வும் குழம்புறதுதான் உங்க காதுல முதல்ல உறுத்தும், ஆனா அது காத்திருக்கலாம். ஸ் விழுந்தா பன்மை போச்சு, 'ஷீ லைக்ஸ்' போச்சு. அவங்க மொழியில் பன்மைக்குச் சொல் மாறாது, காலத்துக்கு வினையும் மாறாது. அதனால அங்க ஏதோ ஒண்ணு விழுந்திருக்குன்னே பிள்ளைக்குத் தோணாது.

செய்முறை இதுதான். 'கேட்', 'கேட்ஸ்' ரெண்டையும் கலந்து கலந்து நீங்க மட்டும் சொல்லுங்க. ஒண்ணுன்னா ஒரு விரல், பலன்னா ரெண்டு விரல். வாயை ஒரு தாளால மறைச்சுக்கோங்க, இல்லாட்டி உதட்டைப் பார்த்தே விரலைத் தூக்கிடுவாங்க. தினம் அஞ்சு நிமிஷம், மூணு நாள். வகுப்பு தப்பில்லாம விரல் காட்டின பிறகுதான் சொல்லச் சொல்லணும். முதல் நாளே 'ரிப்பீட்'னு ஆரம்பிச்சா 35 பேரும் பழைய ஒலியையே கோரஸா உறுதிப்படுத்திக்குவாங்க.

உங்க உச்சரிப்பையும் கவனிச்சுக்கோங்க. நாம 'எலிஃபண்ட்'டை 'யெலிஃபண்ட்' ஆக்கிடுவோம், அவங்க அப்படியே பிடிச்சுக்குவாங்க. மிருகக்காட்சி சாலைக்கு நாம 'ஜூ', அவங்க 'ஸூ', ரெண்டுமே சரியில்ல. ஸ்-ஸ்-ஸ்னு இழுத்துக்கிட்டே தொண்டையில் விரல் வெச்சு அதிரவைக்கணும். பாம்பு தேனீயா மாறுதுன்னு சைகை காட்டினா மொழியே தேவைப்படாது. 'கோட்' விஷயமும் அப்படித்தான். ஆட்டுக்கான (goat) முதல் ஒலி அவங்க மொழியில் இல்ல, அதனால அவங்க சொல்ற ஆடும் மேல்சட்டையும் (coat) நம்ம காதுக்கு ஒண்ணு போலக் கேக்கலாம்.

கொருக்குப்பேட்டை குமார்

ரெண்டு சின்ன விஷயம், மேடம். 'அண்டர்ஸ்டாண்ட்?'னு கேக்காதீங்க, மொத்த வகுப்பும் 'எஸ்'னுதான் சொல்லும். 'ஷோ மீ', 'பாயின்ட் டு' சொல்லி, கை சரியான இடத்துக்குப் போகுதான்னு பாருங்க. அடுத்தது தேதி. அங்க பௌத்த ஆண்டு, நம்மதை விட 543 கூட. 2025 அவங்களுக்கு 2568. போர்டுல ரெண்டையும் எழுதுங்க, இல்லாட்டி நோட்டுல பாதிப் பேர் 68, மீதிப் பேர் 25 போட்டிருப்பாங்க.

தண்டையார்பேட்டை டீச்சர்

கல்மண்டபம் சார், குமார் சார், ரொம்ப நன்றி. பூகோளத்துக்குச் சுவர் மேப் ஒண்ணு போதுமா?

எண்ணூர் சங்கரி

சுவர்ல மாட்டாதீங்கம்மா. முதல் மாசம் மேப் தரையில கிடக்கட்டும்.

காரணம் அவங்க மொழியிலேயே இருக்கு. வடக்குக்கு அவங்க சொல்ற சொல்லுக்கு 'மேலே'ன்னும் பொருள், தெற்குக்கான சொல்லுக்குக் 'கீழே'ன்னும் பொருள். சுவர்ல மேப் தொங்கினா 'நார்த்'தும் 'அப்'பும் ஒண்ணேதான்னு ஒட்டிக்கும். நமக்கோ மேல்னா மேற்கு, கீழ்னா கிழக்கு. மலைப்பக்கம் மேல், கடல் பக்கம் கீழ். ராயபுரத்துல நின்னா கடல் கிழக்கே, உங்க ஸ்கூல்ல நின்னா கடல் தெற்கே. அதனால நீங்க பழக்கத்துல கை காட்டுற திசையும் அவங்களைக் குழப்பும். கிழக்கு மேற்கு மட்டும் சுலபம்: சூரியன் வெளிவர்ற பக்கம், விழுற பக்கம்னுதான் அவங்க மொழியிலும் பேர்.

நாலு சார்ட் பேப்பரைப் பின்பக்கமா டேப் போட்டு ஒட்டுங்க. லாமினேட் வேணாம், டைல்ஸ் தரையில வழுக்கும். கண்டங்களை மார்க்கரால் வரைஞ்சு, போன் காம்பஸ் பார்த்து நிஜ வடக்குக்கு நேரா விரிங்க. ஒரு பிள்ளை தாய்லாந்து மேல நிக்கட்டும். 'வேர் ஈஸ் இந்தியா?' 'இட் ஈஸ் வெஸ்ட் ஆஃப் தாய்லாந்து.' இந்த ஒரே வாக்கியம், நாடு மட்டும் மாறணும். 'ஐலண்ட்ஸ்', 'ரிவர்ஸ்', 'மவுண்டன்ஸ்'னு எண்ண ஆரம்பிச்சா சார் சொன்ன கடைசி 'ஸ்'ஸுக்கும் அங்கேயே வேலை வந்துடும். பூகோளத்துக்குத் தனி இங்கிலீஷ் வேண்டியதில்ல.

சார்ட், மார்க்கர் எல்லாம் ஆண்டர்சன் தெருவுல கிடைக்கும், ஆனா அதுங்களை அங்கயும் வாங்கிக்கலாம். கையோட கொண்டுபோக வேண்டியது காத்தடிக்கிற குளோப், 40 செ.மீ. விட்டம். மடிச்சா பையில அடங்கிடும். வாங்கறப்போ ஆப்பிரிக்காவைப் பாருங்க. தெற்கு சூடான் தனியா இல்லேன்னா அது 2011-க்கு முந்தின அச்சு. அந்த அளவுல 1 செ.மீ. சுமார் 320 கி.மீ.; சென்னையிலிருந்து பாங்காக் 7 செ.மீ. வரும், நாலு விரல் அகலம். குளோப்பைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சு, வலது ஆள்காட்டி விரல் நிலத்துலயா தண்ணிலயான்னு கோடு போடச் சொல்லுங்க. 20 தடவைக்கு 14 வாக்குல தண்ணி வரும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. சென்னை 13 டிகிரி வடக்கு, பாங்காக்கும் முக்கால் டிகிரிதான் கூட. அதனால ரெண்டு ஊர்லயும் வருஷத்துக்கு ரெண்டு நாள் சூரியன் நேர் உச்சியில வரும். ஏப்ரல்ல அங்க லீவு. ஆகஸ்ட் 16 வாக்குல பண்ணுங்க. மைதானத்துல 30 செ.மீ. குச்சியை நேரா நட்டா மதியம் 12.20 சுமாருக்கு நிழல் காலடியில மறைஞ்சிடும். அதே வாரம் இங்க ஒரு ஸ்கூல்லயும் குச்சி நடச் சொல்லி வீடியோ கால் போடுங்க. அங்க மறைஞ்சு ஏறக்குறைய 80 நிமிஷம் கழிச்சு இங்க மறையும். கடிகார வித்தியாசம் 90 நிமிஷமா இருக்கேன்னு யாராவது கேப்பாங்க. ஊர்களுக்கு நடுவுல கிழக்கு மேற்கா 20 டிகிரி, டிகிரிக்கு 4 நிமிஷம், அது சூரியக் கணக்கு. கடிகாரம் நாட்டுக்கு ஒரு தீர்க்கரேகையைப் பிடிச்சு ஓடுது: நமக்கு 82.5, அவங்களுக்கு 105.

ஆகஸ்ட்ல அங்க மழைக்காலம். மேகம் மூடினா மறுநாள் பாருங்க. ரெண்டு நாள் முன்ன பின்ன ஆனாலும் நிழல் அரை சென்டிமீட்டர்கூட வராது.