ஆசுதோஷ் என்ற பெயரில் இருப்பது எந்தத் தோஷம்?

கேள்வி (கோலாலம்பூர்):
வணக்கம். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் தங்கை, பிறந்து பதினாறு நாளான தன் மகனுக்கு ஆசுதோஷ் என்று பெயரிட விரும்புகிறாள். அது சிவபெருமானின் திருநாமம் என்று தெரிந்தும், "பேரிலேயே தோஷத்தை வைத்துக்கொண்டு பிள்ளை எப்படி நல்லா இருக்கும்?" என்று அம்மா கலங்குகிறார். செவ்வாய் தோஷம் என்று சொல்லி ஒரு திருமணப் பேச்சு முறிந்துபோன வீடு என்பதால், அவருடைய அச்சத்தைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லின் பொருளையும் பிறப்பையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (பினாங்கு):
ஐயா, இந்தக் கலக்கம் நம் எழுத்தால் வந்தது. வடமொழியில் குற்றத்தைக் குறிக்கும் தோஷம் மெல்லோசையில் தொடங்கும். இப்பெயரில் உள்ளதோ மனநிறைவு, மகிழ்ச்சி என்று பொருள்படும், வல்லோசையில் தொடங்கும் வேறு சொல். தமிழில் இரண்டுக்கும் ஒரே தகரம் என்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. சந்தோஷத்தில் இருப்பதும் இந்த மகிழ்ச்சிதான். மெல்லினத்தை அடுத்து வருவதால் அங்கே நம் வாயில் அது மெலிந்துவிட்டது. நம் நாட்டில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. மலாய்மொழி சந்தோஷத்தைச் செந்தோசா என்று பெற்று அமைதிக்கும், தோஷத்தை டோசா என்று பெற்றுப் பாவத்துக்கும் வழங்குகிறது. தமிழில் கலந்துபோன இரண்டு ஒலிகளும் அங்கே தனித்தனியாகவே கேட்கின்றன. ஆசு என்பது விரைவு. கேட்ட மாத்திரத்தில் பாடுவதை ஆசுகவி என்கிறோமே, காளமேகப் புலவர் பெயர்பெற்றதும் அதில்தானே, அந்த ஆசுதான் இது. 'ஆசற' என்பதில் வரும் ஆசு குற்றத்தைக் குறிக்கும் வேறு சொல். ஆகவே ஆசுதோஷர் என்றால் விரைந்து மனம் மகிழ்பவர்.

மறுமொழி (கோலாலம்பூர்):
மேலே உள்ள விளக்கம் சரியானது. இதை 'எளியவன்' என்று சிலர் தமிழாக்குவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 'பத்துடை அடியவர்க்கு எளியவன்' என்று நம்மாழ்வார் திருமாலைப் பாடும்போது சொல்வது அணுகுவதற்கு எளிமை. ஆசுதோஷர் என்பது சிறிதளவே கொடுத்தாலும் உடனே உவந்துவிடும் இயல்பு. 'யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை' என்ற திருமந்திர அடிதான் இதற்கு மிக அருகில் நிற்கிறது. பஸ்மாசுரன் கேட்ட வரத்தைக் கொடுத்துவிட்டுப் பெருமானே ஓட நேர்ந்ததும் இந்த இயல்பால்தான். அம்மாவுக்கு அந்தப் பச்சிலை அடியைச் சொல்லிப் பாருங்கள், ஐயா.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அம்மா கம்போங்கில் மலாய்க்காரர்களோடு வளர்ந்தவர் என்பதால், பச்சிலையைவிடச் செந்தோசாதான் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. பெயரைத் தகரம் அழுத்தி இரண்டு முறை தமக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையின் காதில் மூன்றாம் முறை சொன்னார்.