மறுதொடக்கமா, வெட்டுத்தொடக்கமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி தானாக அணைந்து எழுவதற்கு 'எதிர்பாரா மறுதொடக்கம்' என்ற சொல்லை நம் கலைச்சொல் உரையாடலில் ஐயா முன்வைத்திருந்தார். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் எனக்கு அது போதாது என்று படுகிறது. ஏன் என்று விளங்க, போன மாதம் திருநகரில் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே மேசைக் கணினி ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அணைந்து எழுந்துகொண்டிருந்தது. கடைக்கு எடுத்துப் போய் "ரீஸ்டார்ட் ஆகிட்டே இருக்கு" என்றிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் கடைக்காரருக்கு விண்டோஸ் மேல்தான் சந்தேகம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். மூன்றாம் நாள் பழையபடியே. நான் போனபோது மருமகன் சொன்னான்: "மாமா, கேம் போட்டா படக்குன்னு அணைஞ்சு எரியுது." படக்கென்று அணைகிறது என்பதுதான் முக்கியமான துப்பு.

விண்டோஸ் தானே தடுமாறி, நீலத்திரை காட்டி, மறுபடி தொடங்குவது ஒரு வகை. பிழை வந்தால் தானாகத் தொடங்கு என்று அமைப்பில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால் நீலத்திரை அப்படியே நிற்கும், பிழை எண்ணைப் படிக்கலாம். எடுத்துப் பார்த்தேன். நீலத்திரையே வரவில்லை. திரை கறுத்தது, உள்ளே மின்விசிறி ஒரு நொடி ஓய்ந்தது, திரும்பச் சுற்றியது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 'கெர்னல்-பவர் 41' என்று இருந்தது, அதாவது ஒழுங்காக மூடப்படாமல் கணினி அணைந்திருக்கிறது. அதன் விவரத்தில் பக்செக் குறியீடு, அதாவது நீலத்திரைப் பிழை எண், 0. விண்டோஸ் பிழையால் விழுந்திருந்தால் பெரும்பாலும் அங்கே ஓர் எண் நின்றிருக்கும். எழுதி வைக்கக்கூட அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

தூசி தட்டினேன், ரேமை எடுத்து அழிரப்பரால் தேய்த்துப் போட்டேன். பலனில்லை. அப்புறம் பக்கத்து வீட்டிலிருந்து ஓர் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) இரவல் வாங்கி மாட்டினேன், அணைந்து எழுவது நின்றுவிட்டது. பழைய பெட்டியின் கம்பி வலை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களில் இரண்டின் தலை பணியாரம்போல் உப்பியிருந்தது, கெட்டுப்போனதன் அடையாளம். (யாரும் அந்தப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல்கூடத் தங்கியிருக்கலாம்.)

எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட் இணைப்பில் மின்னழுத்தம் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. கேம் ஓடும்போது கிராபிக்ஸ் அட்டை கூடுதலாக இழுக்கும். நோஞ்சான் எஸ்எம்பிஎஸ் தாங்காது. "மின்சாரம் சரியாக இருக்கிறது" என்று மதர்போர்டுக்கு அது தந்துகொண்டிருக்கும் சைகை அறுந்துபோகும். அறுந்ததும் பிராசசர் நிற்கும். சைகை திரும்பினால் முதலிலிருந்து தொடங்கும். இதில் விண்டோஸுக்குப் பங்கே இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்ததில்தான் அக்கா வீட்டுப் படங்கள் எல்லாம் வீணாக அழிந்தன.

ஆகவே 'மறுதொடக்கம்' என்பது நாமோ மென்பொருளோ செய்வதற்கு மட்டும் இருக்கட்டும். மின்சாரம் அறுந்து எழுவதற்குத் தனிச்சொல் வேண்டும். முதலில் 'அறுதொடக்கம்' என்று யோசித்தேன். மறுதொடக்கத்தோடு எதுகையும் அமைந்தது. ஆனால் திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு 'அறு' என்றால் யாருக்கும் அறுபடை வீடுதான் நினைவுக்கு வரும். ஆறு தொடக்கம் என்று படித்துவிடுவார்கள். அதை விட்டேன்.

என் பரிந்துரை 'வெட்டுத்தொடக்கம்'. மின்வெட்டு தெரியாத வீடு நம் ஊரில் இல்லை. சொன்னதும் மின்சாரப் பக்கம் கை போகும். வெட்டு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், ஆகவே த் மிகும், சேர்த்தே எழுதலாம்.

வினையாக்கும்போதுதான் இடறுகிறது. 'வெட்டித்தொடங்குகிறது' என்றால் வெட்டிப்பேச்சு போலச் சத்தம் கேட்கிறது. 'வெட்டுண்டு தொடங்குகிறது' சரி, ஆனால் கடையில் நின்று யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அக்காவிடம் இந்தச் சொல்லை விளக்கியிருந்தேன். நேற்று போனில், "வெட்டவே இல்லைடா, ஒரு வாரமா நல்லா ஓடுது" என்றாள். வெறும் 'வெட்டுகிறது' என்பதையே வினையாக வைத்துக்கொள்ளலாமா? ஐயாவும் மற்றவர்களும் சொல்லுங்கள்.