இரு பகா எண்களின் பெருக்கற்பலனுக்குத் தமிழில் என்ன பெயர்?

கணித ஆசிரியை எழுதியது:
அன்பர்களுக்கு வணக்கம். 147573952589676412927 என்னும் ஒரே எண்ணைப் பற்றிய சிறு நூலொன்றைப் பள்ளிக் கணித மன்றத்துக்காக மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டின் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த இவ்வெண்ணைப் பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்காஸ் 1876இல், காரணி எதையும் காணாமலேயே, அது பகு எண் என்று நிறுவினார். கோல் என்பவர் 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த கணிதக் கழகக் கூட்டத்தில், அதை 193707721, 761838257287 என்னும் இரு பகா எண்களாகப் பிரித்துக் காட்டினார். இத்தகைய எண்ணை ஆங்கிலத்தில் செமிபிரைம் என்கிறார்கள். ‘அரைப்பகா எண்’ என்று எழுதிவிட்டேன்; மனம் ஒப்பவில்லை.

தமிழாசிரியர் எழுதியது:
அம்மா, ஒப்பாததே முறை. பகாமையில் அரையும் இல்லை, காலும் இல்லை. நன்னூல் பகுபதம், பகாப்பதம் என்று வகுத்ததை ஒட்டியே பகு எண், பகா எண் என்னும் இணை அழகாக நிற்கிறது. ‘பகு’ என்னும் வேரிலிருந்து பகுதி, பங்கு, பகை எல்லாம் கிளைத்தன. பட்டினப்பாலை நுகத்தடியின் நடு ஆணியைப் பகல் என்பதும் அது நுகத்தை இருபுறமாகப் பகுப்பதால்தான் என்பது என் கருத்து. எனவே ‘இருபகா எண்’ என்க. ‘ஈர்பகா’ என்று எவரும் எழுத வேண்டா. ஈர் உயிர்முன் வருவது.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
ஐயா, நுகத்தடி இருக்கட்டும். ‘இருபகா எண்’ என்றால் இரண்டால் பகாத எண், அதாவது ஒற்றைப்படை எண், என்றே மாணவர் கொள்வர். குறியாக்கத் துறையில் நாங்கள் செமிபிரைம் என்றே எழுதி வேலையை முடிக்கிறோம்.

யாழ்ப்பாண ஆசிரியர் எழுதியது:
எங்கள் பாடநூல்களில் பகா எண்ணுக்குப் பெயர் முதன்மை எண். ‘பகா’வின்மேல் கட்டும் எந்தச் சொல்லையும் எங்கள் பிள்ளைகளுக்கு இருமுறை விளக்க வேண்டிவரும்.

தமிழாசிரியர் எழுதியது:
அப்படியானால் பண்பை வைத்தே பெயரிடுவோம். கோலின் எண்ணை, ஒன்றை விலக்கிவிட்டால், இரண்டு எண்களின் பெருக்கலாக ஒரே வழியில்தான் எழுத முடியும். ‘ஒருவழிப் பகு எண்’ எனலாமே.

கணித ஆசிரியை எழுதியது:
ஐயா, நான் மயங்கியே போனேன்; ஆனால் 8 கெடுக்கிறது. அதையும் 2 × 4 என்று ஒரே வழியில்தான் எழுதலாம். அதில் இருப்பவையோ மூன்று பகாக் காரணிகள். 27உம் அப்படியே. ‘நால்வகுத்தி எண்’ என்று தனிமடலில் ஒருவர் தந்ததும் நிற்காது: கோலின் எண்ணுக்கு வகுத்திகள் நான்குதான் என்றாலும், அதே இனத்தைச் சேர்ந்த 9க்கு (3 × 3) மூன்றே. இதுவரை மூவர் ஏற்றிருக்கும் ‘இருபகாப் பெருக்கம்’ என்பதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். முதற்பக்க அடிக்குறிப்பில் முதன்மை எண் என்பதையும் சேர்க்கிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:
பெருக்கம் என்பது செயலின் பெயர், எண்ணின் பெயரன்று. வல்லினம் மிகுத்து எழுதியமைக்கு மட்டும் நன்றி.